பேட்டரிகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறவர்

"முதல்ல பாக்கெட்டைக் காலி பண்ணு" என்கிறார் டென்சியோ.

எதிரே நிற்பவன் பேட்டரி வாங்க வந்தவன். பாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று விழிக்கிறான். டென்சியோ ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காத்திருக்கிறார். சாவிக்கொத்து, சில்லறை, நகவெட்டி, ஒரு ஜெபமாலை எல்லாம் டப்பாவில் விழுந்து ஓய்ந்த பிறகுதான் கண்ணாடி மேசையின் பூட்டைத் திறக்கிறார். விமானம் ஏறப் போகிறவனைக்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள்.

மற்றவர்களின் பாக்கெட்டை இப்படி ஆராய்கிற மனிதருக்குச் சொந்தமாக ஒரு பாக்கெட்கூட இல்லை. அவருடைய எல்லாக் கால்சட்டைகளின் பாக்கெட்டுகளையும் மனைவி சால்வே கெட்டி நூலால் தைத்து அடைத்துவிட்டாள். மூளைக்கு அது தெரியும், கைக்குத் தெரியாது. பேச்சு சுவாரசியத்தில் கை பாக்கெட்டைத் தேடிப் போகும். தையலில் முட்டி, வழுக்கித் தொடையில் இறங்கும். அதை மறைக்கத் தொடையைச் சொறிந்துகொள்வார். நாள் முழுக்க ஒருவர் தொடையைச் சொறிந்துகொண்டே வியாபாரம் பார்த்தால் வாடிக்கையாளருக்கு வேறு சந்தேகம் வராதா?

"சொறி சிரங்கெல்லாம் இல்லப்பா. பாக்கெட் இல்ல, அவ்வளவுதான்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

பிலிப்பைன்ஸில், இமுஸ் நகரத்து நெடுஞ்சாலையில், சலவைக் கடைக்கும் கோழி பொரிக்கிற கடைக்கும் நடுவே இருக்கிறது, மின்சிகரெட் விற்கிற ஜிங்கின் வேப் கடை. முன்பக்கம் மாம்பழம், தர்பூசணி, ஊதா வள்ளிக்கிழங்கு என்று வாசனைத் திரவப் புட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே கூட்டம், சிரிப்பு, பாட்டு எல்லாம் உண்டு. பின்மூலையில் டென்சியோவின் பேட்டரி மேசை. அங்கே மட்டும் எப்போதும் ஆஸ்பத்திரி வாசல் போல ஒரு அடக்கம் நிலவும்.

அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்காரர்கள். மெக் என்பது ஒரு பித்தளைக் குழாய். உள்ளே பேட்டரி, மேலே திரவத்தைப் புகையாக்கும் காயில் என்கிற கம்பிச் சுருள், அடியில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் பேட்டரியில் இருக்கிற பலமெல்லாம் காயிலுக்குப் பாயும். போதும் என்று சொல்ல உள்ளே ஒன்றும் கிடையாது. மற்ற கருவிகளில் ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும், தப்பு நடந்தால் அணைத்துவிடும். மெக்காரர்களுக்கு அந்தச் சில்லு என்றால் இளக்காரம். கூடைப்பந்துத் திடலில் வரிசையாக நின்று யார் ஊதுகிற புகை மேகம் பெரிசு என்று போட்டி போடுகிறவர்கள் அவர்கள். சில்லு வைத்தவனை அந்த வரிசையில் சேர்க்க மாட்டார்கள்.

அந்த மெக்காரர்களுக்கெல்லாம் பேட்டரி பொறுக்கிக் கொடுக்கும் டென்சியோ பயன்படுத்துவதோ, நெருப்புப்பெட்டி அளவில், இளஞ்சிவப்பு நிறத்தில், சில்லு வைத்த ஒரு பொம்மை. சால்வே பார்த்து வாங்கியது. அதைப் பார்த்துச் சிரிக்காதவன் கிடையாது.

"மெக்குக்கு மூளை கிடையாது, எனக்கும் கிடையாது" என்பார் டென்சியோ. "மூளையில்லாத ரெண்டு பேரு ஒண்ணா சேரக் கூடாது பாரு. அதான் மூளை இருக்கிறதா பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கா."

ஒரு பேட்டரியை எடுத்தால் அவர் முதலில் பார்ப்பது மேலே சுற்றியிருக்கும் மெல்லிய உறையை. அதில் ஒரு நகக்கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். உறைக்குள்ளே இருக்கிற தகரம் முழுக்க ஒரு முனை, தலையில் இருக்கிற பொட்டு மறுமுனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த உறையும் ஒரு காகித வளையமும்தான். சாவியோ சில்லறையோ இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் நெருப்புதான். "உறை கிழிஞ்ச பேட்டரியும் பித்தான் அறுந்த பேன்ட்டும் ஒண்ணு. நிக்கிற வரைக்கும் நிக்கும். எப்ப எறங்கும்னு சொல்ல முடியாது. எனக்கு ரெண்டுலயும் அனுபவம் இருக்கு."

பிறகு எடை. சால்வே கேக் மாவு நிறுக்கிற தராசு இப்போது கடையில்தான் இருக்கிறது. போலிப் பேட்டரி இலேசாக இருக்கும் என்பது ஒரு கணக்கு. உறையில் அச்சடித்திருக்கும் பெரிய பெரிய ஆம்ப் எண்களை அவர் சட்டை செய்வதே இல்லை. "நெஞ்சுல எழுதியிருக்கிறதை நம்பாதே. நான்கூடத்தான் தலைநிறைய முடியோட ஃபேஸ்புக்ல போட்டோ வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு காயில். "இது எவ்வளவு இழுக்குது?" என்று கேட்பார். "நல்லா இழுக்குது அண்ணே" என்பான் வந்தவன். டென்சியோ பெருமூச்சு விட்டு, மீட்டரை வைத்து அளந்து, பெரிய பொத்தான்கள் வைத்த கால்குலேட்டரில் கணக்குப் போடுவார். போட்டதை அழித்துவிட்டு மறுபடியும் போடுவார். "எனக்குக் கணக்கு வராது. வராதுன்னு தெரிஞ்சதாலதான் ரெண்டு தரம் போடறேன்." இந்தக் காயில் இழுக்கிற இழுப்பை இந்தப் பேட்டரி தாங்காது என்று விடை வந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். காயிலைப் பிரித்து வேறு சுற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

"ஏன் அண்ணே, நீங்க பேட்டரி விக்கிறீங்களா, வாங்காதேன்னு கால்ல விழறீங்களா?" என்று ஜிங் கேட்பாள். அவள் கடைக்காரி. அவளுக்கு வாடகை இருக்கிறது.

"ரெண்டும்தான் ஜிங். எதுக்குக் கூலி கொடுக்கிறேன்னு நீயே முடிவு பண்ணிக்க."

அவருக்குப் பின்னால், சார்ஜர் இருக்கும் பலகைக்கு மேலே, சுவரில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒற்றைக் காசு ஒட்டியிருக்கும். ஒரு பாதி தங்க நிறம், மறுபாதி அடிப்பிடித்த சட்டியின் கறுப்பு. புதிதாக வருகிறவன் அது என்ன என்று கேட்காமல் போக முடியாது. கேட்காவிட்டாலும் விட மாட்டார்.

"அது என் தொடைக் காசு. உக்காரு, சொல்றேன்."

அந்த ஊர்க் கல்யாணத்தில், பாதிரியார் மந்திரித்துக் கொடுக்கும் பதின்மூன்று காசை மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டுவான். இனி என்னுடையதெல்லாம் உன்னுடையது என்று அதற்கு அர்த்தம். டென்சியோவின் அக்கா பெர்லாவின் மகள் ரோடலினுக்குக் கல்யாணம். டென்சியோ நீனோங், அதாவது சாட்சிக்கு நின்று கையெழுத்துப் போட்டு, பின்னால் தம்பதிக்குள் சண்டை வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைக்க வேண்டிய ஞானத்தகப்பன். அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வேன் நிறைய நீனோங்குகள். அவர்களில் இவர் கையில் காசுப்பெட்டி. பெட்டியின் மூடி ஆடியது. பத்திரமாக இருக்கட்டும் என்று காசை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அன்று மாலை விருந்தில் மேகம் விட்டுக் காட்டலாம் என்று அதே பாக்கெட்டில் ஒரு பேட்டரியும் வைத்திருந்தார். உறை கொஞ்சம் கிழிந்த பேட்டரி.

மீதியை அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

"பாதர் 'காசு'ன்னு கையை நீட்டினார். நான் 'நெருப்பு'ன்னு கத்தினேன். பீடத்துக்கு முன்னாடி, பிஷப்பு படத்துக்குக் கீழ, மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல நின்னுக்கிட்டுப் பேன்ட்டைக் கழட்டின ஒரே நீனோங் இந்த மாகாணத்துலயே நான்தான். கல்யாண ஜோடி மேல போர்த்த வச்சிருந்த முக்காட்டை என் இடுப்புல சுத்தினாங்க. தீர்த்தத் தொட்டித் தண்ணியை மொண்டு ஊத்தினாங்க. எனக்கு அது ரெண்டாவது ஞானஸ்நானம். தலையில இல்ல."

கேட்டவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். தழும்பைக் காட்டச் சொல்வான். "சாப்பிட்டுட்டு வந்தியா? அப்ப வேணாம்" என்பார் டென்சியோ. அவனும் சாவியையும் சில்லறையையும் ஒரு பக்கமாகவும், பேட்டரியைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு இன்னொரு பக்கமாகவும் எடுத்துக்கொண்டு போவான். அந்த மட்டில் டென்சியோவின் தொடைக்கு ஒரு புண்ணியம்.

கதையில் அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த அமளியில் காசு ரோடலினின் கைக்குப் போகவே இல்லை. பாதிரியார் அவசர அவசரமாகப் பூசையை முடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். பன்னிரண்டு காசைத் தேடிப் பொறுக்கித் துடைத்துப் பெர்லா பெட்டியில் வைத்துக்கொண்டாள். கறுத்துப்போன பதின்மூன்றாவது இவரிடம் தங்கிவிட்டது. அன்றிலிருந்து மகள் வீட்டில் கூரை ஒழுகினாலும், சலவை இயந்திரம் நின்றாலும், "காசு கை மாறாத கல்யாணம், வேற எப்படி இருக்கும்?" என்பாள் பெர்லா. டென்சியோ எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். மற்ற கேலிகள் அவர் மேல் ஒட்டுவதில்லை. இது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெக்கில் சில குழாய்கள் இரண்டு பேட்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வகை. இரண்டு மடங்கு மேகம், இரண்டு மடங்கு ஆபத்து. அதற்கு வாங்கும் இரண்டு பேட்டரிகளும் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒன்றாகவே சார்ஜ் ஏற வேண்டும், ஒன்றாகவே தீர வேண்டும். ஒன்று மட்டும் வேறு வீட்டுக்கு, அதாவது வேறு குழாய்க்கு, வேலைக்குப் போய்வரக் கூடாது. மெக்காரர்கள் இதைப் பேட்டரிக்குக் கல்யாணம் செய்வது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். டென்சியோ நிஜமாகவே செய்துவைப்பார். இரண்டையும் எடை போட்டு, மீட்டரில் பார்த்து, அழியாத மையால் ஆளுக்கொரு பெயர் எழுதுவார். கண்ணாடி துடைக்கிற துணியை முக்காடாகப் போர்த்துவார். பக்கத்தில் நிற்கிறவனை நீனோங்காக நிறுத்துவார்.

"நம்ம நாட்டுல விவாகரத்து கிடையாது, ஞாபகம் வச்சுக்கங்க" என்று பேட்டரிகளைப் பார்த்துச் சொல்லி, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடுவார்.

அந்த நேரத்தில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் தோத்தோய் தவறாமல் குரல் கொடுப்பான். அவன் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். "அண்ணே, காசு சடங்கு எங்க?"

"இன்னும் ஒரு தொடைதான்டா பாக்கி இருக்கு!"

கடை முழுக்கச் சிரிக்கும். காசு சடங்கு இல்லாமலேயே கல்யாணம் முடியும்.

பேட்டரிகளுக்கு இவ்வளவு கல்யாணம் செய்துவைத்தவரை மனிதர்கள் யாரும் நீனோங்காக நினைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. ரோடலினுக்கும் அவள் புருஷன் கெர்வினுக்கும் மனஸ்தாபம் வந்தபோது, அவர்கள் யோசனை கேட்கப் போனது இன்னொரு நீனோங்கிடம். அவர் இன்ஜினியர், பேன்ட் போட்டபடியே கல்யாணத்தை முடித்தவர். டென்சியோவுக்கு விஷயம் தோத்தோய் சொல்லித்தான் தெரியும். கெர்வின் கப்பல் வேலைக்கு ஏஜென்சியில் பெயர் கொடுத்திருந்தான், பெண்டாட்டியிடம் சொல்லாமல். அது தெரிந்ததும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"எங்கிட்ட எதுக்கு வரணும்? அடுப்பைப் பத்த வைக்கவா?" என்று சிரித்துவிட்டு, அன்று முழுக்க டென்சியோ தொடையைச் சொறிந்துகொண்டே இருந்தார். ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளைகள் தன் முன்னால் வந்து உட்கார்ந்து, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்கமாட்டார்களா என்று அவருக்கு இருந்தது. கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

போன சனிக்கிழமை பிற்பகல் கெர்வின் கடைக்கு வந்தான். யாரும் சொல்லாமலே பாக்கெட்டை டப்பாவில் கொட்டினான். மேசை மேல் பித்தளைக் குழாயை வைத்தான்.

"ஒரு பேட்டரி கொடுங்க பாஸ்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் இவரை நீனோங் என்று கூப்பிட்டதில்லை, பாஸ்தான். டென்சியோ குழாயைத் திருகித் திறந்தார். இரண்டு பேட்டரிக் குழாய். உள்ளே ஒன்றுதான் இருந்தது. உறையில் அவருடைய கையெழுத்திலேயே 'மாங்காய்' என்று எழுதியிருந்தது. இந்தக் குழாயும், மாங்காய், அந்த ஊரில் அதற்குத் தொட்டுக்கொள்ளும் இறால் உப்பு என்று பெயர் வைத்த இந்த ஜோடியும் அவர்கள் நிச்சயதார்த்தத்துக்கு அவரே பொறுக்கிக் கொடுத்தவை.

"மாங்காய் இங்க இருக்கு. இறால் உப்பு எங்க?"

"அவங்க அம்மா வீட்டுல." கெர்வின் தரையைப் பார்த்தான். "'குழாய் உன்னுது, பேட்டரியில பாதி என்னுது'ன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

டென்சியோ திடுக்கிட்டார். ஜோடி பிரிந்ததற்கு அல்ல. "இந்த மாங்காயை இத்தனை நாளா எதுல போட்டே?"

"சிநேகிதனோட ஒத்தை மெக்ல. நாளைக்குப் போட்டி இருக்கு பாஸ். புதுசு ஒண்ணு கொடுங்க, இதோட சேர்த்துப் போட்டுக்கறேன்."

"சேர்த்துப் போட்டுக்கறியா? சோறும் குழம்புமா சேர்த்துப் போட? புதுசு ஓடும், பழசு இழுபடும். பழசு காலியானப்புறமும் புதுசு அதைப் போட்டு உந்தும். கொதிச்சு வெடிக்கும்டா. வெடிக்கறப்ப குழாய் எங்க இருக்கும்? உன் வாயில. உன் பல்லையெல்லாம் பொறுக்கி இந்த டப்பாவுல போட்டுக் கொடுக்கணும் நான்."

"சரி, டார்ச் லைட் கடையில வாங்கிக்கறேன்."

அவன் குழாயை எடுக்கக் கை நீட்டினான். டென்சியோ பதறிப்போய்க் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவனை எப்படியாவது நிறுத்தி வைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். சுவரைக் காட்டினார்.

"உக்காரு, சொல்றேன். ஒரு கல்யாணத்துல..."

"நான்தான் பாஸ் மாப்பிள்ளை."

ஜிங் புட்டிகளுக்குப் பின்னால் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். டென்சியோ கூச்சத்தில் தொடையைச் சொறிந்தார். பிறகு மாங்காயை எடுத்துச் சார்ஜரில் செருகி, இது முழுக்க ஏறி முடியாமல் எதையும் சொல்ல முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் தோத்தோயின் காதில் கிசுகிசுத்தார். "ரோடலினைக் கூட்டிட்டு வா. பேட்டரி ஆபத்து, இறால் உப்பை எடுத்துக்கிட்டு உடனே வரச் சொன்னேன்னு சொல்லு."

தோத்தோயிடம் ஒரு செய்தியைக் கொடுத்தால் அது போய்ச் சேரும்போது நாலு சுற்றுப் பருத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ரோடலின் இறங்கி ஓடிவந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் அம்மாவின் செருப்பு. யாரையும் பார்க்கவில்லை. நேரே கெர்வினின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். பல்லெல்லாம் இருக்கிறதென்று தெரிந்ததும், அதே கையால் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"வாய் வெடிச்சிடுச்சுன்னு சொன்னான் இவன்!"

"வெடிக்கப் பார்த்துச்சுன்னுதான் சொன்னேன்" என்றான் தோத்தோய்.

"இன்னும் வெடிக்கலை, உக்காரு" என்றார் டென்சியோ. அவள் கைப்பையைத் திறந்து இறால் உப்பை எடுத்துக் கொடுத்தாள். காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். சாவி, சில்லறை ஒன்றும் படாமல் தனியாக. டென்சியோ அந்தக் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடும்பத்தில் ஒருத்தியாவது தன் கதையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

இரண்டும் சார்ஜரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. பச்சை விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜிங் வெளியே போய்ச் சர்க்கரைப் பாகில் பொரித்த வாழைப்பழக் குச்சிகளை வாங்கிவந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். பெஞ்சின் இரண்டு கோடியில் இருவரும் உட்கார்ந்து மென்றார்கள். நீனோங் வாயைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். டென்சியோ திறந்தார்.

"சார்ஜ் ஏறறப்ப சூடாகுதான்னு தொட்டுப் பார்த்துக்கணும்" என்றார்.

அவர் போய்ச் சார்ஜரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ரோடலின்தான் ஆரம்பித்தாள். "கப்பலுக்குப் போறேன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா அழுவே."

"சொல்லாததுக்கும்தானே அழுதேன்."

"அது நான் பார்க்கலையே."

"ஓ, நீ பார்க்காம அழுதா பரவாயில்லையா? அதுக்குத்தானே கப்பல்!"

பிறகு அடுக்கடுக்காக வந்தது. ஒழுகுகிற கூரை, அவன் அம்மா, அவள் அம்மா, காசு கை மாறாத கல்யாணம் என்று பெர்லா சொன்ன நாளில் அவன் சாப்பிடாமல் எழுந்துபோனது. கூரைக்கு வழி பண்ணத்தான் கப்பல் என்றான். கூரை ஒழுகினால் சட்டி வைத்துக்கொள்ளலாம், ஆளில்லாத வீட்டுக்கு எதை வைப்பது என்றாள். கோழிக் கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பெஞ்சில் இருவருக்கும் நடுவே இருந்த இடம் எப்போது குறைந்தது என்று டென்சியோவுக்குத் தெரியாது. அவர் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை வந்தது. இரண்டையும் எடுத்து ஆறவிட்டார். மீட்டரை வைத்தார். இறால் உப்பு அப்படியே நின்றது. மாங்காயின் சார்ஜ் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டு மறுபடி வைத்தார். மாங்காய் இன்னும் இறங்கியது. தனக்குக் கணக்கு வராது என்பதால் மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தார்.

நிமிர்ந்தார். கெர்வினும் ரோடலினும் எழுந்து வந்து மேசைமேல் சாய்ந்துகொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஜிங் கண்ணைச் சிமிட்டி, ஆமாம் என்று சொல்லுங்கள் என்று தலையாட்டினாள். தோத்தோய் கும்பிடவே செய்தான்.

சேர்ந்திடும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெர்லாவின் வாயும் அடைபடும். இவ்வளவு நாள் கேட்காத ஒன்றை அவர்கள் கேட்கிறார்கள். அதற்கு இல்லை என்று சொல்லும்படி ஆயிற்றே என்று டென்சியோவுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தக் குழாய் நாளைக்கு அவர்களில் ஒருவர் வாயில் இருக்கும்.

"இது ரெண்டும் இனிமே ஒண்ணா இருக்க முடியாது" என்றார்.

ரோடலினின் கண் நிறைந்துவிட்டது. "அவ்வளவுதானா மாமா?"

"ஐயையோ, பேட்டரி! பேட்டரியைச் சொல்றேன்!" டென்சியோ இரண்டு கையையும் ஆட்டினார். "உங்களைப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்? மனுஷங்களைப் பத்தி அந்த இன்ஜினியர்கிட்டக் கேளுங்க. நான் கல்யாண வீட்டுக்கு நெருப்பு வச்சவன். எனக்குப் பேட்டரிதான் தெரியும். இதுங்க ரெண்டுக்கும் வாய் கிடையாது, எது இளைச்சதுன்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்காது, அதனால வெடிக்கும். நீங்க இப்ப பேசின பேச்சுல இந்தக் கடையில ஒரு புட்டி விக்கலை. ஜிங்கைக் கேளு."

"ஒண்ணுகூட விக்கலை" என்றாள் ஜிங்.

ரோடலினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கால் வெளியேறியது. கெர்வின் அவளுக்குத் தன் சட்டைக் கையை நீட்டினான். அவள் அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

"புது ஜோடி ஒண்ணு பொறுக்கிக் கொடுங்க, நீனோங்" என்றான்.

டென்சியோ காதில் விழாதவர் போல மேசைக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. மாங்காய்க்கும் இறால் உப்புக்கும் முனைகளில் டேப் ஒட்டி, கழித்த பேட்டரிகளைப் போடும் மணல் டின்னில் வைத்தார். புதிய இரண்டை உருட்டிப் பார்த்து, உறையை நகத்தால் தடவி, மாவுத் தராசில் நிறுத்து, மீட்டரில் பார்த்து, கணக்கை இரண்டு தரம் போட்டார்.

"பேரு?"

"ஊமைன்னு எழுதுங்க" என்றாள் ரோடலின், புருஷனைப் பார்த்து.

"அழுமூஞ்சின்னு எழுதுங்க" என்றான் கெர்வின்.

எழுதினார். கண்ணாடித் துணியை முக்காடாகப் போர்த்தினார். ஜிங்கை நீனாங்காக, அதாவது ஞானத்தாயாக, நிறுத்தினார். விவாகரத்து கிடையாது என்பதைச் சொன்னார். இரண்டையும் பெட்டியில் போட்டு மூடியை அழுத்தினார். தோத்தோய்க்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, காசு சடங்கு எங்க?"

எல்லாரும் அந்தத் தொடைப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். டென்சியோ மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பெட்டியை மேசையின் கடைசிக் கோடிக்கு, கை எட்டாத தூரத்துக்குத் தள்ளினார். முக்காலி மேல் ஏறினார். சுவரிலிருந்த பிளாஸ்டிக் உறையை மெல்ல உரித்து எடுத்துக் கிழித்து, பாதி கறுத்த காசைச் சட்டை நுனியால் துடைத்துக் கெர்வினின் உள்ளங்கையில் வைத்தார். ரோடலினின் இரண்டு கைகளையும் சேர்த்து அதன் கீழே பிடித்தார். காசு தவறி விழுந்துவிடக் கூடாதே என்று, அவள் கைகளுக்கும் கீழே தன் இரண்டு கைகளையும் குவித்து வைத்துக்கொண்டார்.